மச்சாளின் புதன்கிழமை

என் அண்ணனின் மனைவி பெயர் யோகாம்பாள். எனக்கு மச்சாள், அவருக்கும் நான் மச்சாள். சுவிசில் பேர்ணுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவர்கள் மூன்றாம் மாடி, நான் முதலாம் மாடி. மேலே மீன் பொரித்தால் என்ன மீன் என்று கீழே இருந்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, அந்த மனுசி வருடக்கணக்காகப் புதன்கிழமை தோறும் தன்னந்தனியாக நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

மச்சாளைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். அவர் சத்தம் போடாத ஆள். தொண்ணூற்றொன்றில் கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். வந்த நாளிலிருந்து என் அண்ணன் இராஜேந்திரன்தான் அவருக்குக் காலும் வாயும். அண்ணனைப் பிழை சொல்ல முடியாது, தங்கமான மனிசன். மச்சாள் துப்புரவு வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய் விடுவார், முடிய ஏற்றிக்கொண்டு வருவார். கடைக்குப் போனால் வண்டிலைத் தள்ளுவார். டாக்டரிடம் போனால், "இவவுக்கு நெஞ்செரிவு" என்று ஜெர்மனில் அவரே சொல்வார். எரிவது யாருடைய நெஞ்சு என்று டாக்டர் திரும்பிப் பார்த்தால் மச்சாள் தலையை ஆட்டுவார். வார்ட்டில் எல்லா நேர்சுகளோடும் ஜெர்மனில் கதைக்கிற மனுசி, அண்ணன் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்கமாட்டார். பிள்ளைகள் ஜெனனியும் நிலனும் வளர்ந்து வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போகும்வரைக்கும் அவர் தன் கையால் ஒரு ரெயின் ரிக்கற் எடுத்தது கிடையாது.

எல்லாம் தொடங்கியது இரண்டாயிரத்துப் பதினொன்றில், ஒல்ரன் என்ற ஊரில். அதாவது ஒல்ரனில் தொடங்கியிருக்க வேண்டியது, சூரிச்சில் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் தரை கழுவும் புது மெஷின்கள் வாங்கினார்கள். அதைப் பழக ஒருநாள் வகுப்பு ஒல்ரனில். அன்றைக்கென்று அண்ணன் வேலை செய்யும் களஞ்சியத்தில் லீவு கொடுக்கவில்லை. எந்த மேடை, எந்த ரெயின், எங்கே இறங்குவது என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினார். மச்சாள் பேர்ண் ஸ்ரேசனில் போய் நின்றார். ஒரு ரெயின் வந்தது, சனம் ஏறியது, அவரும் ஏறினார். அது ஒல்ரனில் நிற்காத ரெயின்.

"ஒல்ரன் எண்டு எழுதின பலகை கண்ணுக்கு முன்னாலை ஓடிப்போச்சுது மச்சாள். கக்கூசுக்குள்ளை போய்ப் பூட்டிப்போட்டு அழுதன்," என்று பிறகு எனக்குச் சொன்னார்.

அழுது முடிய, முகத்தைக் கழுவிக்கொண்டு சூரிச்சில் இறங்கினார். கைத்தொலைபேசியை எடுத்தார். அண்ணனுக்கு அடித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் பதறுவார், "அந்த இடத்தை விட்டு அசையாதை" என்பார், வேலையைப் போட்டுவிட்டுக் காரை எடுப்பார். மச்சாள் தொலைபேசியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, அங்கே நின்ற ஒரு வெள்ளைக்காரியிடம் கேட்டார். அந்த மனுசி கூடவே வந்து மேடையைக் காட்டிவிட்டுப் போனது. ஒல்ரன் வகுப்புக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் நாலு வசனம் பாடமாக்கிக்கொண்டு போனார். வகுப்பெடுத்தவன் தலையைத் தூக்கிப் பார்த்து, கதிரையைக் காட்டி, இருக்கச் சொன்னான். அவ்வளவுதான்.

மச்சாளுக்கு இதுதான் பெரிய புதினம். பிழை விட்டேன், நானே அதைச் சரிக்கட்டினேன், ஒருத்தரும் ஏசவில்லை, ஒருத்தருக்கும் தெரியவும் தெரியாது. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "எப்பிடி, பயமில்லாமல் போனியோ?" என்று கேட்டிருக்கிறார். "ஓம், ஒரு கரைச்சலும் இல்லை," என்றிருக்கிறார் இவர். அன்றிரவு சந்தோசத்தில் நித்திரை வரவில்லையாம். ஐம்பதை நெருங்குகிற மனுசிக்கு, ரெயின் மாறி ஏறினதில் சந்தோசம்!

சனி ஞாயிறுகளில் வேலை செய்வதால் அவருக்குப் புதன்கிழமை லீவு. அண்ணனுக்கு வேலை, எனக்கும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. கட்டடத்தில் எங்கட ஆட்கள் ஒருத்தரும் இல்லாத நாள். ஊர்க் கந்தோரில், கெமைண்டே என்போமே, அங்கே ஒருநாள் ரிக்கற் விற்பார்கள். அதை வைத்துக்கொண்டு அன்று முழுக்க நாட்டின் எந்த மூலைக்கும் ரெயினிலும் பஸ்ஸிலும் கப்பலிலும் போகலாம். மச்சாள் ஒரு புதன்கிழமைக்கு அதை எடுத்தார். பிறகு இன்னொரு புதனுக்கு. அண்ணன் காலையில் வேலைக்குப் போக இவரும் வெளிக்கிடுவார். அண்ணன் வரும்போது வீட்டில் சோறும் இரண்டு கறியும் இருக்கும். பொய் சொல்லவில்லையாம். ஒருத்தரும் கேட்கவில்லையாம், அதனால் சொல்லவில்லையாம். இந்த நியாயத்தைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கெங்கே போனார் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஒருநாள் லொக்கார்னோ, ஒருநாள் ரைன் நதி விழும் இடம், ஒருநாள் பெயரே தெரியாத ஒரு மலைக் கிராமம், அங்கே மழை, பஸ் தரிப்பிடத்தில் இருந்து மாடு பார்த்தாராம். படம் எடுக்கமாட்டார். சாப்பாடு கட்டிக்கொண்டு போகவும் மாட்டார். "இத்தினை வருசமா நான் சமைச்சதையே சாப்பிடுறன். ரெயினிலையும் அதைத்தானோ?" என்று என்னைக் கேட்டார். முதல் முதல் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் தனியாகப் போய்க் கதிரையின் நுனியில் இருந்தாராம். வீட்டில் அவர் எல்லோருக்கும் பரிமாறி முடிய, அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறவர். அந்தக் கடையில் ஒரு மேசை, ஒரு கதிரை, சூடான உருளைக்கிழங்கு றோஸ்ரி, மேலே முட்டை. ஆறுதலாகச் சாப்பிட்டாராம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

ஜெனீவாவுக்கும் ஒருமுறை போயிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு ஜெனீவா என்றால் என்ன? ஐ.நா. வாசலில், கால் உடைந்த பெரிய கதிரை நிற்கும் அந்தத் திடல்தான். ஊரில் போர் உச்சத்தில் இருந்த இரண்டாயிரத்து ஒன்பதில் எத்தனை தரம் பஸ் பிடித்துப் போனோம்! குளிரில் நின்று, கத்தி, அழுது, அதே பஸ்ஸில் ஏறி இருட்டோடு திரும்பினோம். அந்த ஊரில் வேறு ஏதாவது இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை, தோன்றுகிற மனநிலையும் இல்லை. மச்சாள் தனியாகப் போனபோது முதலில் அங்கேதான் போனார். திடலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிலத்திலிருந்து பீச்சும் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் நின்று, அந்தப் போரில் இறந்துபோன தன் தம்பியை நினைத்து அழுதாராம். பிறகு கீழே இறங்கி நடந்தால், ஏரி! "உவ்வளவு கிட்டத்தான் இருந்திருக்கு மச்சாள், எங்களுக்குத் தெரியேல்லை," என்றார். கரையில் வெயில் சாயும்வரை இருந்துவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு தம்பியின் படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கும்போது தனக்கு மூச்சு முட்டுவதில்லை என்றார்.

அந்த நாட்களில் மச்சாள் மாறுவதை நான் கண்டேன், காரணம்தான் விளங்கவில்லை. டாக்டரிடம் அண்ணன் வாய் திறக்கமுன், "நானே சொல்லுறன்" என்றார். ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ ஒரு பெண் பிள்ளையின் நிறத்தைப் பற்றிக் கதைக்க, "உதென்ன விசர்க் கதை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மாத்திரை ஏதும் மாற்றிக் குடிக்கிறாரோ என்று நான் சந்தேகப்பட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினான்கு, இலை உதிர்காலம், ஒரு புதன்கிழமை. அன்றைக்கு எனக்குத் தடிமனும் மூக்கடைப்பும், வேலைக்குப் போகவில்லை. அண்ணன் வேலை உடுப்போடு வந்து கதவைத் தட்டினார். முகம் பேயறைந்தது போலிருந்தது.

"ராணி, வெளிக்கிடு. யோகம் லுசேர்ணிலை, ஏரிக்கரையிலை."

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"ஆரோ ஒரு பெடியன் போன் எடுத்தவன். தண்ணியைப் பாத்துக்கொண்டு தனிய இருந்தவவாம். பிடிச்சு வைச்சிருக்கிறாங்களாம். உடனை வாங்கோ எண்டான். யோகத்துக்கு அடிச்சா எடுக்கிறாளில்லை."

இந்தச் செல்வராணி தைரியசாலி என்று பெயர் எடுத்தவள். ஆனால் கார் ஓடத் தொடங்க நானும் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். அண்ணன் வழி முழுக்கத் தன் குற்றங்களைத் தேடிக்கொண்டு வந்தார். "நேற்றுச் சொதி புளிக்குது எண்டனான். அதுக்கோ? போன மாசம் அவளின்ரை அக்கா போன் எடுக்க, நான் ரீவிச் சத்தத்தைக் குறைக்கேல்லை. அதுக்கோ ராணி?"

"அண்ணை, ரோட்டைப் பாருங்கோ," என்றேன். அழுகையும் வந்தது, அந்தச் சொதியை நினைக்கச் சிரிப்பும் வந்தது.

நடந்தது இதுதான். கஜீவன் என்று ஒரு பெடியன், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சமையல்காரன். மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை அவர்களுக்கு இடையில் ஓய்வு உண்டு. புகைக்க வெளியே வந்தவன், கரையில் வாங்குப் பலகையில் ஒரு தமிழ் மனுசி இருப்பதைக் கண்டிருக்கிறான். ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தும் பார்த்தால், அதே இடத்தில் அதே இருப்பு. பக்கத்தில் புருசன் இல்லை, பிள்ளை இல்லை, கையில் தொலைபேசி இல்லை. "எல்லாத்திலும் பார்க்க, ஒரு சாப்பாட்டுப் பை கூட இல்லை அக்கா!" என்று என்னிடம் சொன்னான். எங்கள் பெண்கள் ஒரு மணித்தியாலப் பயணத்துக்கே இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போகிறவர்கள். சாப்பாடும் இல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள் என்றால் அவன் வேறு எதை நினைப்பான்? பெடியன் மேல் எனக்குக் குற்றமில்லை. நானாக இருந்தால் போலீசையே கூப்பிட்டிருப்பேன்.

அவன் மெல்லப் போய், "அக்கா, உள்ளை வாங்கோ, ஒரு பிளேன்ரீ குடிப்பம்," என்று கூட்டிக்கொண்டு போனான். எந்த ஊர், என்ன பெயர் என்று கதையோடு கதையாகப் பிடுங்கினான். பேர்ணில் இருக்கும் தன் சிநேகிதனுக்கு அடித்தான். அவன் ஒரு தமிழ்க் கடைக்கு அடித்தான். கடைக்காரர் அண்ணனின் இலக்கத்தைக் கொடுத்தார். தேத்தண்ணி ஆறமுன் காரியம் முடிந்துவிட்டது.

நாங்கள் பின்கதவால் ஓடிப்போனோம். சமையலறை ஆட்கள் இருந்து சாப்பிடும் மேசையில் மச்சாள் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நல்ல ருசித்து. வாசலில் காவலுக்கு இரண்டு பெடியங்கள். எங்களைக் கண்டதும் மச்சாளின் முகம் வெளிறியது.

"ஐயோ, ஆருக்கு என்ன? பிள்ளையளுக்கு ஏதுமோ?"

அண்ணன் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "யோகம், நான் என்ன பிழை விட்டனான் எண்டு சொல்லு."

மச்சாள் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காவல் பெடியங்களைப் பார்த்தார். விசயம் மெல்ல மெல்ல உறைத்தது. நான் அவரை இருபது வருடத்துக்கு மேலாக அறிவேன், இப்படிக் கோபப்பட்டு ஒருநாளும் கண்டதில்லை.

"எனக்கு ஒண்டும் இல்லை. நான் ஏரி பாக்க வந்தனான்."

"தனியவோ?"

"ஓம், தனிய. ஒவ்வொரு புதனும் போறனான்."

கஜீவன் தலையில் கைவைத்தபடி, "அப்ப அக்கா, அவ்வளவு நேரமும் சும்மாவோ இருந்தனீங்கள்?" என்று கேட்டான். "சும்மாதான் தம்பி," என்றார் மச்சாள். பாவம், அவனுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

அண்ணன் கண்ணைத் துடைத்தார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் காரை எடுத்துக்கொண்டு வருவியள்."

அண்ணன் திரும்பி வாசலைப் பார்த்தார், கார் அங்கேதான் நின்றது. மச்சாள் கொத்துரொட்டியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், பெடியங்களுக்கு நன்றி சொன்னார், பையை எடுத்துக்கொண்டு ஸ்ரேசன் பக்கம் திரும்பினார். "எனக்கு ரிக்கற் இருக்கு. நீங்கள் காரிலை வாங்கோ." நாங்கள் இருவரும் வாய் பிளந்துகொண்டு நின்றோம். நெடுஞ்சாலை நெரிசலில் நாங்கள் ஊர்ந்து வந்து சேர, அவர் வீட்டில் இரவுச் சோறு வைத்து முடித்திருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒல்ரன் கதையில் இருந்து எல்லாம் சொன்னார். நான் ஏசினேன். ஏசிவிட்டு, விடாமல் எல்லாவற்றையும் கேட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் முகம் மலர்ந்து என் வீட்டுக்கு வந்தார். களஞ்சிய மேலாளரிடம் கெஞ்சி மன்றாடித் தன் லீவு நாளைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டாராம், ஒரு முழு வருடத்துக்கு. "பாவம், தனியத் திரிஞ்சிருக்கிறாள். இனி ரெண்டு பேருமாப் போவம்," என்றார். எங்கள் சனம் எல்லாம், இப்படி ஒரு புருசன் கிடைக்கக் குடுத்துவைக்க வேணும் என்றது. நானும்தான் சொன்னேன். மச்சாள் கெமைண்டேக்குப் போய், இந்த முறை இரண்டு ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்தார்.

போனார்கள். முதல் புதன் சியோன். ரெயினில் ஏறினதும் அண்ணனுக்கு ஞாபகம் வந்தது, சியோனில் எங்கள் சித்தப்பாவின் மகன் இருக்கிறான். ஒருவரின் ஊருக்குப் போய்விட்டு அவர் வீட்டுக்குப் போகாமல் வந்தால் பிறகு முகத்தில் முழிக்க முடியுமா? ஒரு போன். ஸ்ரேசனுக்கே கார் வந்துவிட்டது. வீட்டில் சோபா, எதிரே ரீவியில் நாடகம், கோழிக்கறி, வடை, தேத்தண்ணி, மறுபடி தேத்தண்ணி. திரும்பும் ரெயினுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த புதன் சென்ட்கேலன். அங்கே அண்ணனோடு முன்னம் அகதி முகாமில் இருந்தவர். அதற்கடுத்தது பாசல், அங்கே மச்சாளின் ஒன்றுவிட்ட தங்கை, போகாவிட்டால் செத்த வீட்டுக்கும் வரமாட்டாள். சுவிசில் எங்கள் ஆட்கள் இல்லாத ஊர் ஏது? தப்பித்தவறி ஒருவரும் இல்லாத ஊர் அகப்பட்டால், அண்ணன் இறங்கின உடனே, "இஞ்சை என்ன கிடக்கு? அடுத்தது எங்கை?" என்பார். "குளிருதோ? பசிக்குதோ? களைச்சிட்டியோ?" என்று வழிமுழுக்க விசாரிப்பார். அன்புதான். ஆனால் மச்சாள் பதில் சொல்லியே களைத்துப் போனார்.

"எல்லா ஊரும் ஒரே சோபாதான் மச்சாள்," என்றார் ஒருநாள், படியில் என்னைக் கண்டபோது.

மாசி மாதத்தில் மச்சாள் முழங்கால் நோகிறது என்று சொல்லத் தொடங்கினார். புதன்கிழமைகளில் மட்டும் நோகும் முழங்கால். இருவரும் வீட்டில் இருந்தார்கள். மச்சாளின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. டாக்டரிடம் போனபோது பழையபடி அண்ணன் கதைக்க, இவர் தலையாட்டினார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. மேலே போனேன். அண்ணன் குப்பை கொட்டக் கீழே போன நேரம்.

"மச்சாள், உண்மையைச் சொல்லுங்கோ. அண்ணையோட என்ன கோவம்?"

"கோவம் இல்லை ராணி. எனக்கு அவரை நல்லாப் பிடிக்கும். புதன்கிழமைதான் பிடிக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை அவருக்குச் சொல்லுறதுதானே?"

"நீர் சொல்லுமன். உம்மடை அண்ணைதானே."

"நல்லாச் சொன்னியள்! சூரிச்சிலை நானோ வந்து உங்களுக்கு வழி கேட்டனான்? நீங்களே சொல்லுங்கோ."

அவர் என்னை ஒரு முறை முறைத்தார். அதற்குள் அண்ணன் வெறும் வாளியோடு உள்ளே வந்துவிட்டார். மச்சாள் எழும்பி நின்றார். நான் எழும்பிப் போக வெளிக்கிட, கையைப் பிடித்து இருத்திவிட்டார்.

"இஞ்சருங்கோ. எனக்கு முழங்கால் நோகேல்லை. எனக்குத் தனியப் போகவேணும். நீங்கள் வரவேண்டாம்."

அண்ணன் வாளியை வைக்கவும் மறந்து நின்றார். "நான் என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் நல்லவர். உங்களோட போனா நான் எங்கை போனாலும் உங்கடை மனுசிதான். வேலையிலை நான் துப்புரவுக்காரி. பிள்ளையளுக்கு அம்மா. கிழமையிலை ஒரு நாளைக்கு நான் ஆருக்கும் ஒண்டும் இல்லாமல் இருந்து பாக்கவேணும். பின்னேரம் திரும்பி உங்களிட்டைத்தானே வாறன்." பிடித்த என் கையை அவர் விடவில்லை. "இதை எடுத்துப் போடாதேங்கோ. எனக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான்."

அண்ணன் வாளியோடேயே அறைக்குள் போய்விட்டார். அவர் மனம் நொந்துவிட்டது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கு இருவரையும் நினைக்கப் பாவமாக இருந்தது.

அடுத்த புதன் மச்சாள் போனார். அண்ணன் வீட்டில் இருந்தார். மாற்றின லீவை அந்த ஒரு வருடம் முடியமுன் திரும்ப மாற்ற முடியாது. நான் வேலையில் நிற்க எனக்கு ஓயாமல் போன் எடுத்தார். சோறு எந்தப் பானையில், சீனி எந்தப் போத்தலில், யோகம் உனக்கு ஏதும் சொல்லிவிட்டுப் போனாளோ. அதற்கடுத்த புதனும் அப்படித்தான். மூன்றாவது புதன், இருவருக்குமென்று முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த நாள் ரிக்கற்றுகளில் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திருப்பி வாங்கமாட்டார்கள். மச்சாள் கிழக்குப் பக்கம் போக, அண்ணன் ரோசத்தில் அதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாராம். எனக்கு ஒரு போன் கூட எடுக்கவில்லை.

அன்று நான் வேலை முடிந்து மேலே போனபோது மச்சாள் வந்திருந்தார். அண்ணன் வரவில்லை, அந்த ரிக்கற்றும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, ஆளைக் காணவில்லை. வெளியில் வெளிச்சம் குறைந்துகொண்டு போனது. அண்ணன் இந்த நாட்டில் வேலைக்குத் தவிர ஒருநாளாவது தனியாக எங்கேயும் போனது கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரில் போனால் பக்கத்தில் மச்சாள், இல்லாவிட்டால் நான், இல்லாவிட்டால் யாரையாவது ஏற்றி இறக்க.

"மச்சாள், ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ."

"வேண்டாம்."

"எங்கையும் மாறி ஏறியிருந்தா?"

"ஏறினா இறங்குவார்."

"சரி, நான் ஆரும் தெரிஞ்ச ஆக்களுக்கு அடிச்சுக் கேக்கிறன்," என்று என் போனை எடுத்தேன். மச்சாள் அதை என் கையில் இருந்து பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு ராணி. ஆனாத் தேடக்கூடாது. இண்டைக்கு அவரைத் தேடினா, நாளைக்கு என்னைத் தேடாதேங்கோ எண்டு நான் எந்த முகத்தோட சொல்லுறது?"

இருவரும் யன்னல் பக்கம் பாராமல் இருப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் திறப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வந்தார். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. சப்பாத்தில் சேறு. இந்த மனிசன் சப்பாத்தில் தூசு பட்டாலே துடைக்கிறவர். நான் வாயைத் திறந்து, எங்கே போனீர்கள் என்று கேட்க வெளிக்கிட, மச்சாள் மேசைக்குக் கீழால் என் காலை மிதித்தார். நல்ல மிதி.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். மச்சாள் கோப்பையில் சோறு போட்டார். அண்ணன் பாதிவரை சாப்பிட்டார். பிறகு தலையைத் தூக்கி மச்சாளைப் பார்த்தார்.

"யோகம், இண்டைக்கு முழுக்க ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை."

"ம்."

"எனக்கு ஒருத்தரையும் ஏத்தி இறக்க இருக்கேல்லை."

"ம்."

அண்ணன் சோற்றைக் குழைத்தார். "வாற புதன் நீ எந்தப் பக்கம் போறாய்?"

மச்சாளின் கை கறிச்சட்டியில் அப்படியே நின்றுவிட்டது. அவர் மறுபடி சோபாக்களைத்தான் நினைத்திருப்பார், நானும் அதைத்தான் நினைத்தேன்.

"ஏன் கேக்கிறியள்?"

"சொல்லன். நான் மற்றப் பக்கம் போகத்தான்."